பல தெய்வ வழிபாடும் ஓரிறைக் கொள்கையும்: ரோமப் பேரரசில் அவை சமுதாயத்துக்குச் செய்தது என்ன?

கீழவீதி வாசகர் கேட்டது:

எங்கள் வாசகர் வட்டத்தில் சமயங்களின் சமுதாயப் பங்கைப் பற்றிய விவாதம் ஒன்று முடிவுக்கு வராமல் நீண்டுகொண்டே போகிறது. பல தெய்வங்களை வணங்கும் சமுதாயங்கள் இயல்பிலேயே சகிப்புத்தன்மை கொண்டவை என்றும், 'என் கடவுள் மட்டுமே கடவுள்' என்ற எண்ணம் வந்த பிறகுதான் சமயத்தின் பெயரால் ஒடுக்குமுறை தொடங்கியது என்றும் ஒரு சாரார் கூறுகின்றனர். ஏழை, விதவை, அநாதை, நோயாளி ஆகியோரைப் பேணுவது சமயத்தின் கடமை என்ற எண்ணத்தைக் கொண்டுவந்ததே ஓரிறைச் சமயங்கள்தாம் என்றும், அதற்கு முந்தைய கோயில்கள் விழா எடுத்தனவேயன்றி வேறெதுவும் செய்யவில்லை என்றும் மறு சாரார் வாதிடுகின்றனர். இரு சாராரும் சான்றுக்கு ரோமப் பேரரசையே துணைக்கு அழைப்பதுதான் வேடிக்கை.

எனக்கு இறையியல் விளக்கம் தேவையில்லை. கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளில் அப்பேரரசின் ஒரு நகரத்தில் வாழ்ந்த எளிய மனிதருக்குச் சமயம் என்ன செய்தது, யாருக்கு உணவு கிடைத்தது, செத்தால் யார் அடக்கம் செய்தார்கள், ஊர் வழிபாட்டிலிருந்து விலகி நிற்க யாரால் முடிந்தது என்பவற்றை அறிந்தவர்கள் சான்றுகளோடு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழங்காசு எழுதியது:

ரோமானிய நகரங்களில் சமயம் என்பது முதன்மையாகத் தனிமனிதரின் நம்பிக்கை சார்ந்ததாக இருக்கவில்லை. நகர நிருவாகத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பூசாரிகள் துறவிகளும் அல்லர், மறைநூல் ஓதுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் அல்லர். வழக்காடி, படை நடத்தி, தேர்தலில் நின்ற அதே செல்வர்கள்தாம் பூசாரிப் பதவிகளையும் வகித்தனர். ஜூலியஸ் சீசர் கி.மு. 63இல் தலைமைப் பூசாரிப் பதவியைத் தேர்தலில் வென்றே பெற்றார். கி.மு. 12இல் அகஸ்டஸ் அப்பதவியை ஏற்ற பிறகு அது பேரரசர்களிடமே தங்கிவிட்டது. ஆகவே 'சமயம் அரசியலில் தலையிட்டதா' என்ற கேள்வியே அவர்களுக்குப் புரிந்திருக்காது.

இவ்வழிபாடு செய்த முதல் வேலை, ஊரை ஓரிடத்தில் கூட்டிப் பகிர்ந்துண்ண வைத்தது. பலியிட்ட விலங்கின் ஒரு பகுதி தெய்வத்துக்கு எரிக்கப்பட்டது. மீதி விருந்துக்கும் சந்தைக்கும் போயிற்று. கி.பி. 112ஐ ஒட்டி, கருங்கடலின் தென்கரையில் இருந்த பித்தினியா மாநில ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கிறித்தவர்களைப் பற்றி எழுதிய கடிதத்தின் இறுதிப் பகுதியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஏறக்குறைய வெறிச்சோடிப் போயிருந்த கோயில்களுக்கு மக்கள் மீண்டும் வரத் தொடங்கிவிட்டனர் என்றும், வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி இறைச்சி மீண்டும் விற்பனையாகிறது என்றும் அவர் அதில் நிம்மதியுடன் தெரிவிக்கிறார். வழிபாட்டிலிருந்து சிலர் விலகினாலே மேய்ப்பரும் இறைச்சி விற்பவரும் அடிபடும் அளவுக்கு அது ஊரின் பொருளாதாரத்தோடு பின்னிக் கிடந்தது. எபேசு நகரத்து ஆர்ட்டெமிஸ் கோயிலை நம்பிப் பல நாட்டினரும் தம் பணத்தை அங்கே ஒப்படைத்து வைத்தனர்; அதற்கு முன்பே தேலோஸ் தீவின் அப்போலோ கோயில் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் கொடுத்து வந்தது. திருட அஞ்சும் இடம் கோயில்தான் என்பதால் வங்கியின் வேலையும் அதற்கு வந்து சேர்ந்தது.

கொடையைப் பொறுத்தவரை, தங்கள் வட்டத்தின் இரண்டாம் சாரார் சொல்வது பாதிதான் உண்மை. கொடை ஏராளமாக இருந்தது. குளியல் மண்டபம், அரங்கம், நீர்க்கால், விளையாட்டு, விருந்து எனச் செல்வர்கள் ஊருக்காகச் செலவிட்டதைக் கல்லில் பொறித்தும் வைத்தனர். ஆனால் அக்கொடை, பசித்தவர் யார் என்று பார்த்துக் கொடுக்கப்படவில்லை. குடிமகன் யார் என்று பார்த்துக் கொடுக்கப்பட்டது. ஊர்விருந்தின்போது பணம் பங்கிடப்பட்ட பல கல்வெட்டுகளில், நகர அவை உறுப்பினருக்குக் கூடுதலாகவும் பொதுமக்களுக்குக் குறைவாகவும் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. தேவை குறைந்தவருக்கே அதிகம் கிடைத்தது. ரோம் நகரின் இலவசத் தானியமும் அவ்வாறே. கி.மு. 2இல் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் அதைப் பெற்றதாக அகஸ்டஸே பதிந்து வைத்திருக்கிறார். பட்டியலில் பெயருள்ள குடிமக்கள் அவர்கள். அதே தெருவில் பட்டினி கிடந்த அடிமைக்கும் வெளியூர்க்காரருக்கும் அதில் இடமில்லை.

அடக்கம் செய்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இத்தாலியில் ரோமுக்கு அருகிலுள்ள லனுவியம் என்ற ஊரில் கி.பி. 136இல் பொறிக்கப்பட்ட ஒரு சங்கத்தின் விதிகள் கிடைத்துள்ளன. டயானா தெய்வத்தையும், இறந்தபின் தெய்வமாக்கப்பட்ட அந்தினூஸ் என்ற இளைஞரையும் வழிபடுவதற்கான சங்கம் அது. நடைமுறையில், உறுப்பினரின் ஈமச்செலவுக்கு உதவும், இலங்கைத் தமிழர் நன்கறிந்த மரணாதாரச் சங்கத்தைப் போன்றது. சேரும்போது 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல மதுவும் தர வேண்டும். பிறகு மாதந்தோறும் 5 ஆஸ் செம்புக்காசு. உறுப்பினர் இறந்தால் ஈமச்செலவுக்கு 300 செஸ்டர்ஸ் ஒதுக்கப்பட்டு, அதில் 50 சிதைக்கு வந்தவர்களிடையே பங்கிடப்பட்டது. அடிமைகளும் உறுப்பினர்களாக இருந்தனர்; அவர்களில் ஒருவருக்கு விடுதலை கிடைத்தால் அவர் மேலும் ஒரு சாடி மது தர வேண்டும் என்றும் விதி இருந்தது. சந்தாவைத் தொடர்ந்து கட்டாமல் விட்டவருக்கும் தற்கொலை செய்துகொண்டவருக்கும் எதுவும் கிடைக்காது. ஆகவே பல தெய்வச் சமுதாயத்தில் எளியோருக்குள் பரஸ்பர உதவி இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால், இந்தக் கல்வெட்டை எடுத்துக் காட்டுங்கள். ஆயினும் இதைக் கட்டணம் கட்டியவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி என்றுதான் சொல்ல முடியும். கட்ட முடியாதவர் இதற்கு வெளியேதான் நின்றார்.

வடகரை எழுதியது:

மேலே உள்ள விளக்கம் எனக்கு உடன்பாடே. சகிப்புத்தன்மையைப் பற்றிய பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் கற்பனை மிகுதியாகக் கலந்திருக்கிறது.

ரோமானியர் புதிய தெய்வங்களைத் தயங்காமல் ஏற்றனர் என்பது உண்மை. கார்த்தேஜுடன் போர் உச்சத்தில் இருந்த கி.மு. 204இல், ஆசியா மைனரிலிருந்து பெருந்தாய் தெய்வத்தின் கருங்கல்லை அரசே வரவழைத்து நிறுவியது. ஆனால் யார் வரலாம் என்பதையும் எந்த நிபந்தனையோடு வரலாம் என்பதையும் செனட் அவை முடிவு செய்தது என்பதை மறந்துவிடுகிறோம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 186இல், அதே அவை மதுத் தெய்வமான பாக்கஸின் வழிபாட்டுக் குழுக்களின்மீது பாய்ந்தது. அந்த ஆணையின் வெண்கலப் பட்டயம் இன்றும் இருக்கிறது. பாக்கஸ் பொய்த் தெய்வம் என்றோ, அவனை வணங்கக் கூடாது என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆண் பூசாரி கூடாது, தலைவர் கூடாது, பொதுப்பணம் சேர்க்கக் கூடாது, ஒருவருக்கொருவர் உறுதிமொழி எடுத்துக்கொள்ளக் கூடாது, அனுமதியின்றி ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, அந்த ஐவரிலும் ஆண்கள் இருவருக்கு மிகக் கூடாது என்பனவே அதன் விதிகள். அவையினர் அஞ்சியது தெய்வத்தைக் கண்டல்ல. தம் கண்காணிப்புக்கு அப்பால் தலைவரும் நிதியும் உறுதிமொழியும் கொண்டு இயங்கிய ஓர் அமைப்பைக் கண்டு.

இந்த அச்சம் சமயத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு, பழங்காசு குறிப்பிட்ட பிளினியின் கடிதத் தொகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நிக்கோமீடியா நகரத்தில் பெருந்தீ ஏற்பட்டபோது, 150 பேருக்கு மிகாத தீயணைப்போர் சங்கம் ஒன்றை அமைக்கலாமா என்று அவர் டிராஜனிடம் கேட்டார். எந்தப் பெயரில் தொடங்கினாலும் இத்தகைய சங்கங்கள் விரைவில் அரசியல் கூட்டங்களாகிவிடும் என்று சொல்லிப் பேரரசர் மறுத்துவிட்டார். தீயணைக்கச் சேர்ந்தவர்களையே இப்படிப் பார்த்த ஆட்சி, விடியுமுன் கூடிப் பாடி, உறுதிமொழி எடுத்து, சேர்ந்து உண்ட கிறித்தவர்களை எப்படிப் பார்த்திருக்கும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

யூதர் ஊர்த் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தும் பெரும்பாலும் தம் வழிபாட்டைத் தொடர முடிந்தது. ஏனெனில் அவர்களுடைய வழக்கம் முன்னோரிடமிருந்து வந்தது, ஓர் இனத்துக்கும் ஒரு நகரத்துக்கும் உரியது. முன்னோர் மரபு என்பதற்கு ரோமானியர் எப்போதும் மதிப்புக் கொடுத்தனர். ஆனாலும் கி.பி. 70இல் எருசலேம் கோயில் இடிக்கப்பட்ட பின், அக்கோயிலுக்கு அவர்கள் கொடுத்து வந்த இரண்டு திராக்மா காணிக்கையை ரோமின் ஜூப்பிட்டர் கோயிலுக்கு வரியாகச் செலுத்த வேண்டியதாயிற்று. இதைச் சகிப்பு என்று அழைப்பவர்கள், அதற்கு ஒரு விலை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிறித்தவர்களின் நிலை வேறு. அவர்கள் தம் தந்தையரின் வழக்கத்தைக் கைவிட்டு வந்தவர்கள். இன்னாரின் மகன், இன்ன ஊரான் என்பதை அடிப்படையாகக் கொண்ட அமைப்பில், தானே தேர்ந்தெடுத்துச் சேர்ந்த கூட்டத்துக்கு இடம் வகுக்கப்படவில்லை.

கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கினார். அதன்பின் 'ஊர்' என்பது பேரரசு முழுவதும் என்றாகிவிட்டது. 249ஆம் ஆண்டு இறுதியில் ஆட்சிக்கு வந்த டேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகள் முன்னிலையில் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் மணலில் அச்சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. அவற்றில் ஒன்று, முதலைத் தெய்வத்தின் பூசாரியாக இருந்த ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்டது. தெய்வத்துக்குப் பூசை செய்வதையே கடமையாகக் கொண்டவரும் தாம் பூசை செய்ததாகச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது! ஒரே சீரான வழிபாட்டை எல்லோர்மீதும் சுமத்தும் எண்ணம், கிறித்தவப் பேரரசருக்கு முன்பே, பல தெய்வங்களை வணங்கிய பேரரசரிடம் தோன்றிவிட்டது என்பதே இதன் பொருள். எத்தனை கடவுள் என்ற எண்ணிக்கையைவிட, வழிபாட்டின் எல்லை ஊரா, பேரரசா என்பதே இங்கே முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

ஏட்டறை எழுதியது:

திருச்சபை என்ன செய்தது என்பதைப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால் அதை நான் எழுதுகிறேன். இரு பக்கத்தாருக்கும் இது முழுத் திருப்தி தராது.

251ஐ ஒட்டி ரோம் நகர ஆயர் கொர்னேலியு எழுதிய ஒரு கடிதம், அந்நகரத் திருச்சபையின் கணக்கை அப்படியே தருகிறது. குருக்கள் 46 பேர், திருத்தொண்டர் 7 பேர், துணைத் தொண்டர் 7 பேர், பீடத் துணைவர் 42 பேர், பேயோட்டுவோர், வாசகர், வாயிற்காவலர் ஆகியோர் சேர்ந்து 52 பேர், இவர்களோடு 1,500க்கும் மேற்பட்ட விதவைகளும் துன்புற்றோரும் திருச்சபையால் பேணப்பட்டனர். சட்டத்தின் ஏற்பு இல்லாத, டேசியஸின் ஆணையால் சற்று முன்புதான் அடிபட்ட ஓர் அமைப்பு, ஒரு நகரத்திலேயே இத்தனை பேருக்கு உணவளித்து வந்தது. லனுவியம் சங்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே உதவி பெற்றவர் முன்கூட்டிச் சந்தா கட்டியிருக்கத் தேவையில்லை என்பது. இவ்வழக்கத்தைத் திருச்சபை புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏழைக்குக் கொடுப்பதைக் கடமையாக வைத்திருந்த யூதத் தொழுகைக் கூடங்களிடமிருந்தே அது பெற்றுக்கொண்டது.

அதே காலத்தில் பேரரசைக் கொள்ளைநோய் தாக்கியது. கார்த்தேஜில் ஆயர் சிப்பிரியான் நோயாளிகளைப் பேணவும் இறந்தோரை அடக்கம் செய்யவும் ஆட்களைத் திரட்டினார். அலெக்சாந்திரியாவில் பிறர் நோயாளிகளைத் தெருவில் தள்ளிவிட்டு ஓடியபோது கிறித்தவர்கள் நின்று பேணினார்கள் என்று அங்கிருந்த ஆயர் தியோனீசியு எழுதுகிறார். தம் கூட்டத்தை அவரே புகழ்வதால் அதைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும். ஆனால் எதிரியின் வாயிலிருந்து வரும் சான்றை அப்படித் தள்ள முடியாது. கிறித்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வங்களை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், யூதர்களுள் பிச்சையெடுப்பவரே இல்லை என்றும், கலிலேயர்கள் (கிறித்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பேணுகிறார்கள் என்றும், நம்மவர்க்கு நம்மிடமிருந்து உதவி கிடைக்காதது வெட்கக்கேடு என்றும் குறிப்பிடுகிறார். அதோடு நிற்காமல், ஆண்டுக்கு 30,000 மோதி அளவு கோதுமையும் 60,000 படி அளவு மதுவும் ஒதுக்கி, ஐந்தில் ஒரு பங்கைப் பூசாரிகளிடம் பணிபுரியும் ஏழைகளுக்கும் மீதியை வழிப்போக்கருக்கும் இரவலருக்கும் கொடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே பாரசீகப் போரில் இறந்தார். இந்த ஏற்பாடு வேரூன்றியிருக்குமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. பூசாரிப் பதவியைக் கௌரவமாக மட்டுமே கருதிய செல்வர்களை வாரந்தோறும் பசித்தவர் முகத்தில் விழிக்கச் செய்வது ஒரு கடிதத்தால் ஆகும் காரியமன்று.

நான்காம் நூற்றாண்டில் திருச்சபைக்குச் சட்டத்தின் துணை கிடைத்தவுடன் எல்லாம் மாறியது. வழக்குகளில் ஆயர்கள் அளித்த தீர்ப்பைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஏற்றார். 321இல் உயில் மூலம் திருச்சபைக்குச் சொத்து எழுதிவைக்க அனுமதி அளித்தார். கி.மு. 186இல் எந்தப் பொதுநிதி தடுக்கப்பட்டதோ, அத்தகைய பொதுநிதி இப்போது அரசின் பாதுகாப்புடன் வளர்ந்தது. ஆசியா மைனரின் கப்பதோக்கியாவில் 368ஐ ஒட்டிப் பெரும் பஞ்சம் வந்தபோது பதுக்கல்காரர்களைக் கண்டித்துப் பேசிய குரு பசிலியார், பின்னர் ஆயராகி, செசரியா நகருக்கு வெளியே வழிப்போக்கர், ஏழைகள், தொழுநோயாளர் ஆகியோருக்காக மருத்துவரோடு கூடிய ஒரு பெரிய இல்லத்தை எழுப்பினார். 384இல் ரோமின் செனட் மன்றத்தில் வெற்றித் தெய்வத்தின் பீடத்தை மீண்டும் வைக்குமாறு, பழைய தெய்வங்களை வணங்கிய செனட் உறுப்பினர் சிம்மாக்கஸ் வேண்டியபோது, கோயில்கள் எத்தனை போர்க்கைதிகளைப் பணம் கொடுத்து மீட்டன, எந்த ஏழைக்கு உணவளித்தன என்று மிலான் ஆயர் அம்புரோசு எதிர்க்கேள்வி எழுப்பினார். தங்கள் வட்டத்தில் நடக்கும் விவாதத்தின் மூலவடிவம் இதுதான்.

ஆனால் அதே அம்புரோசு, 388இல் யூப்ரத்தீசு கரையிலிருந்த கல்லினிக்கம் நகரில் ஆயர் ஒருவரின் தூண்டுதலால் கிறித்தவர்கள் யூதத் தொழுகைக் கூடத்தை எரித்தபோது, அதை அந்த ஆயரே மீண்டும் கட்டித் தர வேண்டும் என்று பேரரசர் தியோடோசியஸ் இட்ட ஆணையை எதிர்த்து நின்று திரும்பப் பெற வைத்தார். 380இல் தியோடோசியஸ் ஒரே விதமான கிறித்தவத்தைச் சட்டமாக்கியிருந்தார். 391, 392ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பலியையும் கோயில் வழிபாட்டையும் தடுத்தன. இவற்றுக்கு முன்பே, 385ஐ ஒட்டி, ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசில்லியன் திரியர் நகரில் சூனியக் குற்றச்சாட்டின்பேரில் கொல்லப்பட்டார். அவரைக் குற்றஞ்சாட்டியவர்கள் சக ஆயர்கள். வெளியாரைவிடத் தன் கூட்டத்துக்குள்ளேயே மாறுபட்டவரைத்தான் இந்த அமைப்பு அதிகம் அஞ்சியது என்பது என் கருத்து. பழைய ஊர் வழிபாட்டில் மனத்துக்குள் என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை; கை தூபம் போட்டால் போதும். உறுப்பினராகச் சேர்ந்து, ஒரே நம்பிக்கையை அறிக்கையிட்டு, ஒரே நிதியிலிருந்து உண்ணும் அமைப்பில், யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. அறச்செயலும் விலக்கலும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. ஒன்றை மட்டும் எடுத்துப் புகழ்வதும் மற்றொன்றை மட்டும் எடுத்துத் தூற்றுவதும் பாதிக் கணக்கு.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

கேள்வி ரோமைப் பற்றியது என்பதை அறிவேன். ஆனாலும் 'கோயில் விழாதான் எடுக்கும். மருத்துவமனை நடத்த ஓரிறைச் சமயம் வேண்டும்' என்ற பொதுவிதியை யாராவது இதிலிருந்து உருவாக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சோழர் காலச் சான்றுகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று, கோயிலோடு இணைந்து பள்ளியும் விடுதியும் 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் (மருத்துவமனையும்) இயங்கியதைக் காட்டுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோரின் ஊதியம் வரை அதில் உண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் 340 மாணவர்களுக்கு உணவும் கல்வியும் வழங்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலோ தன் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி, வாங்கியது. நூற்றுக்குப் பன்னிரண்டரை. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், எண்ணிக்கை குறையாமல் பேண வேண்டிய 'சாவா மூவாப் பேராடு' என இடையரிடம் ஒப்படைக்கப்பட்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் பெறப்பட்டது. தேலோஸ் கோயில் வட்டிக்கணக்கர் இங்கே வந்திருந்தால் எதுவும் அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

எனவே நிலையான நிலக்கொடையும் அதைக் கண்காணிக்கும் சபையும் இருந்தால், எந்தச் சமயத்தின் கோயிலும் மருத்துவமனை நடத்தும். ஆனால் யாருக்கு என்று கேட்டால் மீண்டும் பழங்காசு சொன்ன இடத்துக்கே வருகிறோம். திருமுக்கூடல் ஆதுலர்சாலை முதன்மையாக அங்குப் படித்த மாணவருக்கும் கோயில் பணியாளருக்கும் உரியது. பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் வரியில்லாத இறையிலி நிலங்களைக் கணக்கெடுக்கும்போதே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஊரை ஒன்றாக்கும் அதே வழிபாடு, ஊரில் யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் நிலத்தில் வரைந்து காட்டிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசல் எல்லோருக்கும் திறக்க 1939 வரை ஆயிற்று.

இதைக் கேட்டவுடன் மறு சாரார் மகிழத் தேவையில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கம் என்று கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள்ளேயே சுவர் எழுப்பி வழிபட்டனர். 1910இல் அதை இடித்தபோது, சுவர் மீண்டும் வேண்டும் என்று உயர்சாதியினர் வழக்குத் தொடர்ந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆண்டவர் ஒருவரே என்று அறிக்கையிட்டவர்கள்தாம் அந்தச் சுவரின் இருபுறமும் முழந்தாளிட்டிருந்தனர்.

கீழவீதி வாசகர் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. எனக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. பலியும் கோயில் விழாவும் 392க்குள் தடுக்கப்பட்டுவிட்டன என்றால், அவை செய்து வந்த ஊரைக் கூட்டும் வேலை, இறைச்சியைப் பங்கிடும் வேலை, குறிப்பாக நாட்டுப்புறங்களில், என்ன ஆயிற்று? மக்கள் அவ்வளவு எளிதாக அதை இழக்கச் சம்மதித்தார்களா?

பழங்காசு எழுதியது:

இழக்கவில்லை, இடம் மாற்றிக்கொண்டார்கள். தென் இத்தாலியில் நோலா நகருக்கு வெளியே புனித பெலிக்ஸின் கல்லறை இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வாழ்ந்த கிறித்தவக் கவிஞர் பௌலினுஸ், சனவரி 14 அன்று வரும் பெலிக்ஸ் திருநாளுக்கு உழவர்கள் தாம் நேர்ந்துவிட்ட பன்றிகளையும் ஆடுமாடுகளையும் ஓட்டிக்கொண்டு வருவதையும், அவற்றை அங்கேயே அறுத்து ஏழைகளுக்குப் பங்கிடுவதையும் கண்டிப்பு ஏதுமின்றிப் பாடலாகவே எழுதியிருக்கிறார். நேர்த்திக்கடன் அப்படியே இருக்கிறது, விலங்கு இருக்கிறது, கூட்டு விருந்து இருக்கிறது. பங்கு பெறுவோர் பட்டியலில் மட்டும் நகர அவை உறுப்பினருக்குப் பதிலாக ஏழை முதலிடத்துக்கு வந்துவிட்டார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 601இல், திருத்தந்தை கிரகோரி இங்கிலாந்துக்கு அனுப்பிய கடிதத்தில், கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றிக் கோயில்களைத் தேவாலயமாக்குங்கள், பலியிட்டுப் பழகியவர்கள் திருநாளன்று தேவாலயத்தைச் சுற்றி மாடறுத்து விருந்துண்ணட்டும் என்றே அறிவுறுத்துகிறார். ஊரை ஓரிடத்தில் கூட்டும் வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும் என்பதைத் திருச்சபை கற்றுக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை. வேளாங்கண்ணிக்கோ நாகூர் தர்காவுக்கோ ஒருமுறை விழாக்காலத்தில் போய்வந்தவர்க்கு இது புதிய செய்தியாக இராது.

எல்லா இடத்திலும் இது அமைதியாக நடந்தது என்றும் எண்ண வேண்டாம். ரோம் நகரில் பிப்ரவரி மாதத்து லூப்பர்க்காலியா விழாவில் ஆட்டைப் பலியிட்டு, அதன் தோல்வாரால் எதிர்ப்படுவோரை அடித்தவாறு அரை நிர்வாணமாக ஓடுவது பழைய வழக்கம். பலி தடுக்கப்பட்டு நூறு ஆண்டுகள் ஆன பிறகும், 490களில், அந்த ஓட்டம் ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டிருந்தது. அதற்காக வாதாடியவர்கள் திருமுழுக்குப் பெற்ற கிறித்தவச் செல்வர்கள். விழாவை நிறுத்தினால் ஊருக்கு நோயும் கேடும் வரும் என்பது அவர்களுடைய வாதம். திருத்தந்தை கெலாசியு அவர்களுக்கு நீண்ட மறுப்பு எழுதினார். அவ்விழாவால் உண்மையிலேயே ஊருக்கு நன்மை என்று நம்பினால், கூலிக்கு எளியவர்களை ஓடவிடாமல், உங்கள் முன்னோரைப் போல நீங்களே ஆடை களைந்து தோல்வாரோடு ஓடுங்களேன் என்று அதில் கேட்டிருக்கிறார்.